கடல் கடந்து வரும் காசு



பழைய நாணயங்களைச் சேர்ப்பதில் ஆர்வங்கொண்ட பிள்ளைகள் நம் இல்லங்களில் பலர் உளர். வாப்பா சவூதியிலிருந்து கொண்டு வந்த ஹலாலாக் காசில் தொடங்கும் அவ்வார்வம், நாளடைவில் வெளிநாட்டு வணிகருக்குப் பணம் அனுப்பி அஞ்சலில் நாணயம் வரவழைக்கும் அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் அவ்வாறே இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றிலுள்ள முதியவரிடம் மூன்று உஸ்மானிய நாணயங்களை விலைபேசி வாங்கினார். ஐந்து குருஷ் வெள்ளிக்காசு ஒன்று. இருபது பாரா, பத்து பாரா நிக்கல் காசுகள் ஒவ்வொன்று. மூன்றும் சுல்தான் ஐந்தாம் முஹம்மது ரஷாதின் காலத்தவை.

இக்காசுகளைப் பற்றி ஒரு சொல். மூன்றிலும் 1327 என்றே ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். அது காசு அடித்த ஆண்டன்று. சுல்தான் அரியணை ஏறிய ஹிஜ்ரி ஆண்டு, அதாவது கி.பி. 1909. அடித்த ஆண்டைத் தனியே ஒரு சிறிய எண் காட்டும். அவ்வெண் 3 என்றிருந்தால் ஹிஜ்ரி 1329, கி.பி. 1911 எனக் கொள்ள வேண்டும். இதை அறியாமல் ஏமாறுவோர் உண்டு. என் மாணவர் அறிந்திருந்தார். அவர் அறியாதிருந்தது அஞ்சலின் போக்கைத்தான்.

வணிகர் பதிவு அஞ்சலில் அனுப்பி, எண்ணையும் தெரிவித்தார். ஒன்பதாம் நாள், உறை இங்கிலாந்தைவிட்டுப் புறப்பட்டதாகக் கைபேசியில் செய்தி தெரிந்தது. அதன்பின் ஒன்றுமில்லை. நாள்தோறும் பார்த்தார், அதே வரிதான் நின்றது. நாற்பது நாள் கடந்தபின் அவருடைய ஐயம் தபால்காரர் மீது விழுந்தது. அந்த மனிதர் பதினைந்து ஆண்டுகளாக எங்கள் தெருவுக்கு வருபவர். "ஹஜ்ரத், உள்ளே காசு இருப்பது உறையைத் தொட்டாலே தெரிந்துவிடும் அல்லவா?" என்று என்னிடமே கேட்டார். சூரத்துல் ஹுஜுராத்தில் ஊகங்களைத் தவிர்க்குமாறு அல்லாஹ் ஏவியிருப்பதை என்னிடமே மனனம் செய்தவர் அவர்! "தம்பி, உன் உறை இந்த ஊர் எல்லையைத் தொட்டது என்பதற்கு முதலில் ஒரு சான்று காட்டு" என்றேன். அவரிடம் பதில் இல்லை.

உண்மையில் அவ்வுறை எங்கே இருந்திருக்கும்? நாட்டைவிட்டு வெளியேறும் அஞ்சல்கள் பரிமாற்ற நிலையம் எனப்படும் பெரிய அலுவலகத்தில் நாடுவாரியாகப் பிரிக்கப்பட்டுப் பைகளில் இட்டு மூடப்படுகின்றன. 'புறப்பட்டது' என்ற செய்தி பெரும்பாலும் பை மூடப்பட்டதையே குறிக்கும். விமானம் பறந்ததை அன்று. விமானத்தில் இடம் கிடைக்கும்வரை பை காத்திருக்கும். சில வேளைகளில் வேறொரு நாடு வழியாகச் செல்லும். இந்தியாவில் வந்திறங்கிய பின்னரும் அது சென்னைக்கே வரும் என்பதில்லை; மும்பையிலோ தில்லியிலோ இறங்கலாம். அங்கே பை திறக்கப்பட்டு, ஒவ்வோர் உறையும் படிக்கப்படும்போதுதான் அடுத்த வரி திரையில் தோன்றும். மூடிய பைக்குள் இருக்கும் உறைக்கு வாய் கிடையாது. அதன்பின் சுங்க அதிகாரிகளின் பார்வைக்குச் செல்ல வேண்டும். வரி விதிக்கப்பட்டால் உறையைத் தரும் தபால்காரரே அதை வசூலிப்பார்.

கடிதங்களும் சிறு பொதிகளும் பெரும்பாலும் பயணிகள் விமானங்களின் அடிப்பகுதியில்தான் பயணம் செய்கின்றன என்பதைப் பலர் அறியார். 2020 மார்ச் 23 முதல் 2022 மார்ச் 27 வரை நம் நாட்டுக்கான வழக்கமான பன்னாட்டுப் பயணிகள் விமானங்கள் நிறுத்தப்பட்டிருந்தபோது உறைகள் மாதக்கணக்கில் தேங்கியதன் காரணம் அதுவே. பயணிகள் இல்லையேல் கடிதமும் இல்லை.

அஞ்சல் எண்ணைப் படிக்கவும் கற்றுக்கொள்ளலாம். முதலில் இரண்டு எழுத்து, பிறகு ஒன்பது இலக்கம், இறுதியில் அனுப்பிய நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. தொடக்க எழுத்து 'ஆர்' எனில் பதிவு அஞ்சல்; 'வீ' எனில் காப்பீடு செய்தது; 'சீ' எனில் பார்சல்; 'ஈ' எனில் விரைவு அஞ்சல். ஒன்பதாம் இலக்கம் முந்தைய எட்டையும் சரிபார்ப்பதற்கானது. ஆகவே ஓர் எண்ணைப் பிழையாக எழுதினாலும் கணினி பெரும்பாலும் கண்டுகொள்ளும்.

இதைவிட முக்கியமானது ஒன்று. 1874இல் பெர்ன் நகரில் உருவாகி, 1876இல் இந்தியாவும் சேர்ந்த உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிகளின்படி, காப்பீடு செய்யாத உறையில் நாணயம் வைப்பது தடை செய்யப்பட்டது. அனுப்பும் நாடும் பெறும் நாடும் தம் சட்டத்தில் இடங்கொடுத்தால் மட்டும் பதிவு அஞ்சலில் மூடிய உறைக்குள் அனுப்பலாம். சில நாடுகளின் அஞ்சல் துறை நாணயத்தை அறவே ஏற்பதில்லை. ஆயினும், செலவு மிச்சமாகும் என்று சாதாரண உறையில் அனுப்பச் சொல்லும் நம்மவர் எத்தனை பேர்! அவ்வாறு வந்து தொலைந்தால் இழப்பீடு கோர வழியில்லை. சுங்கப் படிவத்தில் 'அன்பளிப்பு' என்றும், விலையைக் குறைத்தும் எழுதச் சொல்வோரும் உளர். ஒருவர் இதை என்னிடம் சாமர்த்தியமாகவே சொன்னார். நம் கையால் எழுதாத பொய்க்கு நாம் பொறுப்பில்லை என்பது அவருடைய எண்ணம் போலும்.

மாணவரின் கதைக்கு வருகிறேன். ஐம்பதாம் நாள் அவர், பொருள் வந்து சேரவில்லை என்று விற்பனைக்கு இடைநின்ற நிறுவனத்திடம் முறையிட்டார். ஐம்பத்தாறாம் நாள் முழுத்தொகையும் முதியவரின் கணக்கிலிருந்து இவர் கணக்குக்குத் திரும்பியது. அந்தத் தபால்காரர் உறையைக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிச் சென்றது எழுபத்து மூன்றாம் நாள். சுங்கத்தார் திறந்து பார்த்து ஒட்டிய நாடா உறையின் மீது இருந்தது; மூன்று காசும் பழுதின்றி இருந்தன.

இப்போது இவரிடம் காசும் இருந்தது, பணமும் இருந்தது. நிறுவனம் கேட்கவில்லை, முதியவருக்கோ தெரியாது. வீட்டில் ஒருவர், "அவர்கள் தாமதித்ததற்கு ஈடாக இருக்கட்டும்" என்றாராம். அன்று மஃரிப் தொழுகைக்குப்பின் அவர் உறையோடு என்னிடம் வந்தார்.

ஃபிக்ஹு நூல்களில் இதற்கு இடம் இருக்கிறது. விற்ற பொருள் வாங்குபவர் கைப்பற்றும் முன் அழிந்தால் அந்த இழப்பு விற்றவரையே சாரும் என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகள் ஒன்றுபடுகின்றன. ஆகவே வராத பொருளுக்குப் பணத்தைத் திரும்பப் பெற்றது குற்றமன்று. வியப்பு என்னவெனில், உரியவரிடம் ஒப்படைக்கும்வரை அஞ்சல் பொருள் அனுப்பியவருக்கே உடைமை என்று உலக அஞ்சல் ஒன்றியத்தின் ஒப்பந்தமும் கூறுகிறது. தொலைந்த உறைக்கான விசாரணையையும் பெரும்பாலும் அனுப்பியவரே தொடுக்க வேண்டும். அதற்கு அனுப்பிய மறுநாளிலிருந்து ஆறு மாத காலம் உண்டு. எனவே பொறுமையிழந்து நாற்பதாம் நாளிலேயே எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டியதில்லை. ஆனால் பணம் திரும்பியதும் விற்பனை முறிந்துவிட்டது. பின்னர் வந்த காசுகள் இவருடையவை அல்ல, முதியவரின் அமானத்.

இங்கே இன்னொரு மஸ்அலா. பொன்னையும் வெள்ளியையும் மாற்றிக்கொள்ளும்போது கைக்குக் கை நடைபெற வேண்டும் என்ற நபிமொழி, உப்பாதா பின் ஸாமித் (ரலி) அவர்கள் அறிவிப்பாக ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. காகிதப் பணத்துக்கும் பொன் வெள்ளியின் சட்டங்களே பொருந்தும் என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1986இல் அம்மானில் கூடி முடிவு செய்தது. அதன்படி இன்று பணம் செலுத்தி, இரண்டு மாதம் கழித்து வெள்ளிக்காசு பெறுவது பெரும் சிக்கலுக்குரியது. காகிதப் பணத்தைச் செப்புக்காசின் இடத்தில் வைத்து, ஒருபுறம் கைப்பற்றினால் போதும் எனக் கூறும் ஹனஃபீ ஆலிம்களும் உளர். வாசகர்கள் தம் ஊர் ஆலிமிடம் கேட்டு நடப்பது நலம். நிக்கல், செம்புக் காசுகளில் இப்பிரச்சினை எழாது. வெள்ளியோ பொன்னோ வேண்டுவோர், அந்நாட்டில் வாழும் உறவினரை வகீலாக்கி, அவர் நேரில் பணங்கொடுத்துக் காசைக் கைப்பற்றச் செய்யலாம். வகீலின் கை நம் கையே. அதன்பின் அஞ்சல் எத்தனை மாதம் தாமதித்தாலும் விற்பனைக்குக் குறையில்லை.

மாணவருக்கு நான் கூறியது இதுதான்: "முதியவருக்கு எழுது. காசு வேண்டுமா, பணம் வேண்டுமா என்று அவரே முடிவு செய்யட்டும்." ஒன்றை மட்டும் முன்கூட்டியே எச்சரித்தேன். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி, நூறாண்டு நிறைந்த நாணயத்தைத் தனிமனிதர் நம் நாட்டிலிருந்து வெளியே அனுப்ப இயலாது. 1911இல் அடித்த காசு அந்த வரம்பைக் கடந்துவிட்டது. பழங்காசு வாங்குவோர், பிடிக்காவிடில் திருப்பி அனுப்பலாம் என்று எளிதாக எண்ணிவிட வேண்டாம்.

முதியவரின் பதில் மறுநாளே வந்தது. அக்காசுகள் தொலைந்தன என்று கணக்கில் எழுதி முடித்துவிட்டதாகவும், பணத்தையே பெற்றுக்கொள்வதாகவும் எழுதியிருந்தார். மாணவர் அன்றே புதிதாக விலைபேசி, காசு தம் கையில் இருக்கும் நிலையில் தொகையை அவர் கணக்கில் சேர்த்தார். முதல் விற்பனையில் இருந்த கைக்குக் கை என்னும் சிக்கல் இரண்டாம் விற்பனையில் அவிழ்ந்துவிட்டது! கணக்கில் சேர்வதும் கைப்பற்றுவதாகும் என்று அதே அகாடமி 1990இல் முடிவு செய்திருக்கிறது.

தபால்காரரிடம் மாணவர் ஏதேனும் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. ஆனால் அடுத்த பெருநாளுக்கு அவர் வீட்டிலிருந்து அந்த மனிதருக்கு ஒரு தூக்குச்சட்டி வட்டிலப்பம் போனதை நான் கண்டேன். இருபது பாரா காசு இப்போது எங்கள் மதரஸாவில் இருக்கிறது. சிறுவர்கள் அதைத் திருப்பித் திருப்பி அந்தச் சிறிய எண்ணைத் தேடுகிறார்கள்.