பொரித்த கத்தரிக்காய்: சமையல் வினைச்சொற்களும் ஊட்டச்சத்து மாற்றமும்

ஆய்வுச்சுருக்கம்

கத்தரிக்காய் ஆற்றல் மிகக் குறைந்த காய்களுள் ஒன்று. எண்ணெயில் பொரிக்கப்படும்போது அதன் ஆற்றல் அளவு பன்மடங்கு உயர்கிறது. வாட்டுதல், சுடுதல், வதக்குதல், பொரித்தல் என்னும் தமிழ்ச் சமையல் வினைகள் காய் ஏற்கும் எண்ணெயின் அளவு வேறுபாட்டையும் உணர்த்துகின்றன. கத்தரிக்காயின் சத்துகள், எண்ணெயை ஈர்க்கும் தன்மை, உடல்நல விளைவுகள் ஆகியவற்றை இவ்வினைகளோடு பொருத்தி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கத்தரிக்காய், வழுதுணை, பொரித்தல், பொரியல், எண்ணெய் ஈர்ப்பு, பத்தியம்

முன்னுரை

'கத்தரிக்காய் உண்ணலாம்' என்னும் அறிவுரை நீரிழிவு, உடற்பருமன் உடையோர்க்குப் பலகாலும் கூறப்படுகிறது. மாவுச்சத்தும் கொழுப்பும் குறைந்த காய் என்ற அளவில் அது சரியானதே. ஆயின் நெருப்பில் சுட்ட கத்தரிக்காயும் எண்ணெயில் மூழ்கப் பொரித்த கத்தரிக்காயும் ஊட்டச்சத்து நோக்கில் ஒன்றல்ல. காயின் பெயரை மட்டும் சொல்லிச் சமைக்கும் முறையைச் சொல்லாத அறிவுரை, கேட்பவரைத் தவறான வழியில் செலுத்தக்கூடும். அவ்விடைவெளியை நிரப்பும் சொற்கள் தமிழில் முன்னரே உள்ளன.

கத்தரிக்காயின் சத்துகள்

உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய் ஆகியவை அடங்கிய தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது கத்தரி. 100 கிராம் பச்சைக் கத்தரிக்காயில் ஏறத்தாழ 92 கிராம் நீர் உள்ளது. எஞ்சியதில் மாவுப்பொருள் சுமார் 6 கிராம். அதில் ஏறத்தாழ பாதி நார்ச்சத்து. புரதம் 1 கிராம் அளவே. கொழுப்பு அரைக் கிராமுக்கும் குறைவு. பொட்டாசியம் 230 மில்லிகிராம் அளவில் உள்ளது. இவற்றால் கிடைக்கும் ஆற்றல் சுமார் 25 கிலோகலோரி.

உயிர்ச்சத்துகளில் கத்தரிக்காய் வளமானதன்று. அதன் சிறப்பு பாலிபீனால்களில் உள்ளது. சதைப்பகுதியில் குளோரோசெனிக் அமிலமும், கருநீலத் தோலில் நாசுனின் என்னும் நிறமியும் உள்ளன. இவை ஆய்வுக்கூடச் சோதனைகளில் ஆக்சிசனேற்றத்தைத் தடுக்கும் பண்பைக் காட்டியுள்ளன. தோலைச் சீவி எறிந்தால் நாசுனின் முழுவதும் இழக்கப்படும். நீரில் வேகவைத்து அந்நீரை வடித்துவிட்டால் நீரில் கரையும் சத்துகளில் ஒரு பகுதி வெளியேறும். பொரிக்கும்போது இவ்வகை இழப்பு குறைவு. எனினும் மிகு வெப்பத்தில் தோலின் நிறமி சிதைந்து பழுப்பாவதைக் கண்ணாலேயே காணலாம்.

எண்ணெயை ஈர்க்கும் திசு அமைப்பு

கத்தரிக்காயின் சதை பஞ்சு போன்றது. அதன் உயிரணுக்களுக்கிடையே காற்று நிறைந்த நுண்ணிய வெளிகள் மிகுதி. காய்த்துண்டு சூடான எண்ணெயில் விழுந்தவுடன் காற்று விரிந்து வெளியேறுகிறது, நீர் ஆவியாகிறது. ஆவி வேகமாக வெளிவரும் வரை எண்ணெய் உட்புகுவது ஓரளவு தடைப்படுகிறது. துண்டை எடுத்த பின் அது குளிரும்போது, உள்ளிருக்கும் ஆவி நீராகச் சுருங்குவதால் மேற்பரப்பில் ஒட்டிய எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது. ஆகவே, எடுத்தவுடன் சூடு ஆறுமுன்பே எண்ணெயை வடிப்பது பயனுடையது.

வெட்டும் முறைக்கும் இதில் பங்குண்டு. மெல்லிய வில்லைகளில் வெட்டுப்பரப்பு மிகுதி. எண்ணெய் ஏற்பும் மிகுதி. காம்பை விட்டு நான்காகக் கீறிச் சமைக்கும் எண்ணெய்க் கத்தரிக்காயில் தோல் ஒரு தடையாக நிற்கிறது. வெட்டிய துண்டுகளில் உப்புத் தூவிச் சிறிது நேரம் வைத்துப் பிழிந்தாலோ, முன்னதாக ஆவியில் வேகவைத்தாலோ காற்றுவெளிகள் சரிந்து எண்ணெய் ஏற்பு குறையும். உப்பிட்ட துண்டுகளைக் கழுவிய பின்பே சமைக்க வேண்டும் என்பதைக் குருதி அழுத்தம் உடையோர் நினைவிற்கொள்ள வேண்டும்.

வினைச்சொற்களும் எண்ணெய் அளவும்

கத்தரிக்காய்க்கு வழுதுணை என்னும் பழம்பெயர் உண்டு. ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்றில் வரகரிசிச் சோறு, மோர் ஆகியவற்றுடன் வாட்டிய வழுதுணங்காய் இடம்பெறுகிறது. வாட்டுதல் என்பது வெப்பத்தால் காயைச் சுருங்கி மென்மையாகச் செய்தல். சுடுதலுக்கு எண்ணெயே வேண்டுவதில்லை. சுட்ட கத்தரிக்காய்த் துவையலும் சம்பலும் இதற்குச் சான்று. வதக்குதலுக்குச் சில தேக்கரண்டி எண்ணெய் போதும். வறுத்தலுக்கு அதனினும் கூடுதலாக வேண்டும். பொரித்தலில் காய் எண்ணெயில் மூழ்குகிறது.

இவ்வேறுபாட்டை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். 200 கிராம் கத்தரிக்காயின் ஆற்றல் 50 கிலோகலோரி. அதனை 2 தேக்கரண்டி (சுமார் 9 கிராம்) எண்ணெயில் வதக்கினால் மொத்தம் ஏறத்தாழ 130 கிலோகலோரி ஆகும். பொரிக்கும்போது அதே காய் 3 மேசைக்கரண்டி (சுமார் 42 கிராம்) எண்ணெயை ஏற்றதாகக் கொண்டால், 1 கிராம் கொழுப்புக்கு 9 கிலோகலோரி வீதம் 378 சேர்ந்து 428 ஆகும். இதில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கு எண்ணெயிலிருந்து வருவது.

'பொரியல்' என்னும் சொல் இங்குத் தனிக் கவனத்திற்குரியது. தமிழகத்தில் இன்று பொரியல் என்பது பெரும்பாலும் தாளித்து வதக்கிய காய்கறியைக் குறிக்கிறது. ஈழத்தமிழரிடையே அது எண்ணெயில் பொரித்ததையே குறிக்கிறது. அவ்வாறு பொரித்த கத்தரிக்காயைத் தேங்காய்ப்பாலிட்ட குழம்பிலும் சேர்ப்பர். எனவே 'கத்தரிக்காய்ப் பொரியல்' என்று எழுதப்படும் உணவுப் பட்டியல், வாசிப்பவரின் நிலத்திற்கேற்ப வெவ்வேறு ஆற்றல் அளவைச் சுட்டும்.

உடல்நல விளைவுகள்

எண்ணெய் உடனடியாகக் குருதிச் சர்க்கரையை உயர்த்துவதில்லை. நாள்தோறும் மிகும் ஆற்றல் உடல் எடையைக் கூட்டி, நீரிழிவுக் கட்டுப்பாட்டைக் கடினமாக்கும் என்பதே கவலைக்குரியது. நல்லெண்ணெயில் நிறைவுறாக் கொழுப்பு மிகுதி. தேங்காயெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி. இதய நலத்திற்கு இவ்வேறுபாடு முதன்மையானது. ஆற்றல் அளவில் மட்டும் எல்லா எண்ணெயும் ஒன்றே.

பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கினால் முனைவுச் சேர்மங்கள் பெருகும். இவை 25 விழுக்காட்டைக் கடந்த எண்ணெயைப் பயன்படுத்தலாகாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி. கத்தரிக்காய் உடலிலுள்ள கொழுப்பை உறிஞ்சி நீக்கும் என்னும் நம்பிக்கைக்கு உறுதியான மருத்துவச் சான்று இல்லை.

மரபு மருத்துவத்தில் முற்றிய கத்தரிக்காய் கரப்பான் பண்டமாகக் கருதப்படுகிறது. பிஞ்சு பத்தியத்திற்கு ஏற்கப்படுகிறது. கத்தரிக்காய் சிலர்க்கு வாயிலும் தோலிலும் அரிப்பை உண்டாக்குவது இன்றைய மருத்துவமும் அறிந்த ஒவ்வாமையே. இத்தகையோர் பொரித்துவிட்டால் தீங்கு நீங்கும் எனக் கருதி உண்பது பாதுகாப்பானதன்று.

முடிவுரை

பொரித்த கத்தரிக்காயின் நன்மை தீமைகளைக் காயைவிடச் சமையல் வினையே பெரிதும் முடிவு செய்கிறது. சுட்டும் வாட்டியும் வதக்கியும் உண்ணும்போது அதன் நார்ச்சத்தும் பாலிபீனால்களும் குறைந்த ஆற்றலோடு கிடைக்கின்றன. பொரித்ததை விலக்கப்பட்ட உணவாகக் கொள்ளவேண்டியதில்லை. எண்ணெயைக் கணக்கிட்டு எப்போதாவது உண்பதற்குரியது அது. தமிழில் உணவு அறிவுரை எழுதுவோர் 'கத்தரிக்காய்' என்னும் பெயர்ச்சொல்லோடு நில்லாது, அதற்குரிய வினைச்சொல்லையும் எண்ணெய் அளவையும் சேர்த்து எழுதுதல் வேண்டும். 'பொரியல்' போன்று நிலத்திற்கு நிலம் பொருள் மாறும் சொற்களை விளக்கத்துடன் ஆளுதல் நோயாளர்க்கு நேரடிப் பயன் தரும்.