வாங்காமல் கட்டும் விளையாட்டுப் பெட்டி

தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் 8 பிட் வீடியோ கேம் கருவி, 1990களில் சென்னைப் புறநகரான தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டாரத்து வீடுகளுக்குள் நுழைந்தபோது, அதைச் செய்தது எந்த நிறுவனம் என்ற கேள்விக்கு அங்கே பெரிய இடம் இருக்கவில்லை. 'டிவி கேம்' என்ற பொதுப்பெயரே போதுமானதாக இருந்தது. அதில் செருகும் பிளாஸ்டிக் உறைக்குப் பாட்டு நாடாவின் பெயரையே ஒட்டிக் 'கேசட்' என்றார்கள். கேசட் ஓடாவிட்டால் அதன் வாயில் ஊதி மறுபடி மாட்டினார்கள். ஊதியதால் அது ஓடிற்று என்பது அக்காலத்தின் உறுதியான நம்பிக்கை. உண்மையில், எடுத்து மாட்டியதில் உலோக முனைகள் சரியாகப் பொருந்தியதே அதற்குக் காரணம். மூச்சின் ஈரம் நாளடைவில் அம்முனைகளை அரிக்கவே செய்தது.

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கருவியின் நகல்களே அவை. லிட்டில் மாஸ்டர், மீடியா முதலிய பெயர்களோடும், பெயரே இல்லாமலும் அவை இந்தியக் கடைகளில் விற்றன. மூலக் கருவியில் தனித்தனிச் சில்லுகளாக இருந்த பகுதிகள், பிற்கால நகல்களில் ஒரே சில்லாகச் சுருக்கப்பட்டு, அதன்மேல் கறுப்புப் பிசின் ஒரு பொட்டுப்போல் ஊற்றி மூடப்பட்டிருந்தன. இதனால் விலை மிகக் குறைந்தது என்பது உண்மையே. ஆனால் சில்லு பழுதானால், தெருமுனை டிவி மெக்கானிக்கால் அடாப்டரையும் கம்பியையும் மாற்றிப் பார்ப்பதற்கு மேல் ஒன்றும் செய்ய இயலவில்லை. திறந்து பார்க்க ஆசைப்பட்ட சிறுவர்களுக்கும் அந்தப் பொட்டைத் தவிர வேறெதுவும் தென்படவில்லை.

அந்த ஆட்டங்களை இன்று மீண்டும் ஆட விரும்புவோர்க்குக் கடையில் வாங்கும் வழி இருக்கவே செய்கிறது. வாங்கப்படும் அப்பொருள் எப்படிப்பட்டது என்பதுதான் கவனிக்கத்தக்கது. நின்டெண்டோ நிறுவனமே 2016 நவம்பரில் தன் பழைய கருவியின் உருவத்தைச் சிறியதாக்கி, 30 ஆட்டங்களை அடக்கி வெளியிட்டது. அதன் உள்ளே பழைய சில்லு எதுவும் கிடையாது. மலிவான டேப்லெட்களில் காணப்படும் வகையைச் சேர்ந்த ஒரு சில்லும், அதன்மேல் ஓடும் லினக்ஸ் இயங்குதளமும், பழைய கருவியைப் போல நடிக்கும் ஒரு மென்பொருளுமே இருந்தன. சோனி நிறுவனம் 2018 டிசம்பரில் வெளியிட்ட பிளேஸ்டேஷன் கிளாசிக்கோ இன்னும் ஒரு படி கீழிறங்கி, ஆர்வலர்கள் எழுதி இலவசமாக வெளியிட்டிருந்த பி.சி.எஸ்.எக்ஸ். ரீஆர்ம்ட் என்ற மென்பொருளையே எடுத்துப் பயன்படுத்திக்கொண்டது. கடைப் பெட்டிக்கும் வீட்டில் கட்டிய பெட்டிக்கும் உள்ளடக்கத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நடிக்கும் மென்பொருள் என்று சொல்லப்பட்டதே எமுலேட்டர் எனப்படுவது. ஃபேமிகாமின் மையச் சில்லு, 1975இல் வெளிவந்த 6502 என்ற புகழ்பெற்ற சில்லின் வழிவந்தது. அது ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 17.9 லட்சம் துடிப்புகளில் இயங்கியது; அதற்கு வாய்த்த நினைவகம் வெறும் 2 கிலோபைட். அந்தச் சில்லுக்காக எழுதப்பட்ட கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து, அதே வேலையை இன்றைய சில்லின் மொழியில் செய்து காட்டி, 256க்கு 240 புள்ளிகள் கொண்ட படத்தையும் ஐந்து தடங்களில் எழும் ஒலியையும் உரிய கணத்தில் வெளியிடுவதே எமுலேட்டரின் பணி. கேசட்டில் இருந்த நினைவுச் சில்லின் உள்ளடக்கத்தை அப்படியே படியெடுத்த கோப்புக்கு ரோம் கோப்பு என்று பெயர். 1985இல் வந்த முதல் சூப்பர் மாரியோ ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கிவிடுகிறது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப்போல் பல மடங்கு இடத்தை அடைக்கும்.

இவ்வளவு சிறிய வேலைக்குப் புதிய கணினி தேவையில்லை என்பதால், தாம்பரம் வட்டாரத்தில் இதற்கான முதல் மூலப்பொருள் பல வீடுகளின் பரண்மீதே கிடக்கக்கூடும். தமிழ்நாடு அரசு 2011 முதல் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு எல்காட் நிறுவனத்தின் வழியாக வழங்கிய விலையில்லா மடிக்கணினி, மின்கலம் செத்து, விண்டோஸ் தள்ளாடும் நிலையில் இருந்தாலும், 8 பிட், 16 பிட் ஆட்டங்களுக்கு வேண்டியதைவிட அதிக வலு உடையது. பாட்டோசெரா என்ற இலவச லினக்ஸ் தொகுப்பை ஒரு பென் டிரைவில் எழுதி, கணினியைத் தொடங்கும்போது அதிலிருந்தே இயங்கச் செய்தால், வன்தட்டில் உள்ள எதையும் தொடாமல் மடிக்கணினி விளையாட்டுக் கருவியாகிவிடும். கோப்பை வெறுமனே காப்பி செய்தால் அது இயங்காது, எழுதுவதற்கென்றே உள்ள மென்பொருளால் எழுத வேண்டும் என்பதும், மிகப் பழைய கணினியாயின் அத்தொகுப்பின் பழைய பதிப்பே பொருந்தும் என்பதும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை.

அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்த்துத் தரப்பட்ட பாஸ் லினக்ஸ் என்ற இந்திய இயங்குதளத்துக்கும் இவ்வட்டாரத்துக்கும் உறவு உண்டு. அதன் உருவாக்கத்துக்குக் காரணமான கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை, சென்னை சி-டாக் நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தியது, குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையம். சி. ராஜம் 1949இல் தொடங்கிய அந்த எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் படித்து, பின்னர் பெங்களூரு பி.இ.எல். நிறுவனத்தில் வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கேற்றவரே எழுத்தாளர் சுஜாதா. சில்லு, பிட், பைட் ஆகியவற்றைத் தமிழ் வாசகர் பயமின்றிப் படிக்கப் பழகியதில் அவருக்குள்ள பங்கை இங்கே குறிப்பிடாமல் செல்வது நன்றிகெட்ட செயலாகும்.

மடிக்கணினி இல்லாதோர்க்கும், பெட்டி பெட்டியாகவே இருக்க வேண்டும் என்று விரும்புவோர்க்கும் உரியது ராஸ்பெரி பை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மாணவர்களுக்கெனத் திட்டமிடப்பட்டு, 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் விற்பனைக்கு வந்த இக்கணினி, 85 மில்லிமீட்டர் நீளமும் 56 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட ஒற்றைப் பலகை. ரெட்ரோபை, ரீகால்பாக்ஸ், லக்கா போன்ற தொகுப்புகளுள் ஒன்றை மெமரி கார்டில் எழுதிச் செருகினால் வேலை தொடங்கிவிடும். இதற்கு மடிக்கணினியிடம் இல்லாத ஒரு வசதியும் உண்டு: 3, 4 ஆகிய எண்களையுடைய பலகைகளில், இயர்போன் குழிபோலத் தோன்றும் ஒரு துளை வழியாகப் பழைய டிவிக்கு உரிய மஞ்சள் கம்பிப் படமும் வெளிவருகிறது. 2006 முதல் தமிழ்நாடு அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி எங்கேனும் இன்னும் உயிரோடு இருந்து, அதில் ஏவி நுழைவாயும் இருக்குமாயின், இப்பலகைக்கு அதைவிடப் பொருத்தமான துணை கிடைக்காது. இணைக்கும் கம்பியில் மட்டும் ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. வீடியோ கேமராவுக்கென விற்கும் கம்பிகள் பலவற்றில் படத்துக்குரிய முனையும் எர்த் முனையும் இடம் மாறியிருக்கும். அவற்றை மாட்டினால் திரையில் படம் நிலைக்காது, பலகையே பழுது என்று தோன்றும். ராஸ்பெரி பைக்குரிய கம்பி என்று கேட்டு வாங்குவதே சரி. நான்காம் பலகையில் இந்தப் பட வெளியீட்டை அமைப்புக் கோப்பில் தனியே இயக்கவும் வேண்டும்.

பழைய டிவியை இங்கே வலியுறுத்துவது வெறும் ஏக்கத்தினால் அன்று. வாத்து சுடும் ஆட்டத்தின் துப்பாக்கியை நினைவில் வைத்திருப்போர், அது எல்.இ.டி. டிவியில் வேலை செய்யாததைக் கண்டு வியப்பதுண்டு. அத்துப்பாக்கியிலிருந்து திரைக்கு எதுவும் போவதில்லை. திரையின் ஒளியைத்தான் அது பார்க்கிறது. விசையை இழுத்த கணத்தில் திரை முழுவதும் கறுத்து, அடுத்த கணத்தில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றி மறையும். குழலின் முன் அந்த வெளிச்சம் குறித்த நொடிப்பிளவில் வந்தால் குறி பட்டதாகக் கணக்கு. படக்குழாய் டிவி சமிக்ஞை வந்த கணமே ஒளிரும். புதிய டிவியோ வந்த படத்தை வாங்கி, மெருகேற்றி, சற்றுத் தாமதித்தே காட்டும் என்பதால், துப்பாக்கி பார்க்கும் நேரத்தில் அங்கே வெளிச்சம் இருப்பதில்லை. அதே தாமதம், குதிக்கும் பொத்தானை அழுத்திய பிறகு மாரியோ அசையாமல் நிற்பதுபோல் தோன்றுவதற்கும் காரணமாகிறது. டிவியின் அமைப்புகளில் 'கேம் மோடு' இருப்பின் அதை இயக்கிவிட்டால் இது பெருமளவு குறையும்.

வேகத்திலும் ஒரு மயக்கம் உண்டு. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி படம் வினாடிக்கு 60 முறை மாறும். இந்தியா ஏற்ற பால் (PAL) முறையில் 50 முறைதான். பால் முறைக்கென வடிவமைத்த நகல் கருவிகளில் ஆட்டமும், அதன் பின்னணி இசையும் ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே ஓடின. சிறுவயதில் அப்படிப்பட்ட கருவியில் ஆடியவர் இன்று எமுலேட்டரில் அதே ஆட்டத்தைத் தொடங்கினால், எல்லாம் பரபரவென்று ஓடுவதாகவும், தமக்கு வயதாகிவிட்டதாகவும் எண்ணிக்கொள்வார். குறை அவருடையது அன்று. எமுலேட்டரில் நாட்டுமுறை என்ற இடத்தில் 'டெண்டி' என்பதைத் தேர்ந்தால், ரஷ்யாவில் அப்பெயரில் விற்ற நகல் கருவியின் 50 முறை வேகத்துக்கு ஆட்டம் திரும்பிவிடும்.

கையால் செய்யும் வேலையில் சுவையானது பொத்தான் இணைப்பு. பொத்தானின் இரு கால்களில் ஒன்றை ராஸ்பெரி பை பலகையின் எர்த் முனையிலும், மற்றதை அதன் 40 ஊசிகளுள் பொருத்தமான ஒன்றிலும் பற்றவைக்க வேண்டும். அழுத்தாத நிலையில் அவ்வூசி 3.3 வோல்ட்டில் நிற்கும், அழுத்தியதும் பூச்சியத்துக்கு இறங்கும், அந்த இறக்கத்தையே மென்பொருள் 'குதி' என்று படிக்கும். பக்கத்திலேயே இருக்கும் 5 வோல்ட் ஊசி தவறுதலாக இதைத் தொட்டால் பலகை நிலையாகக் கெட்டுப்போகலாம். இந்த அச்சம் வேண்டாம் என்போர், 'ஜீரோ டிலே' என்ற பெயரில் விற்கும் யு.எஸ்.பி. பலகையை இடையில் வைத்துக்கொள்வது நல்லது. அது மடிக்கணினிக்கும் பொருந்தும். பெட்டிக்குத் தச்சரிடம் மிஞ்சிய பிளைவுட் துண்டு போதும். ஆர்கேட் பொத்தானுக்கு வழக்கமான துளையின் அளவு 30 மில்லிமீட்டர். அழுத்திச் செருகும் வகைப் பொத்தான் 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் பிடிக்காது, பின்னால் மரை வைத்து முடுக்கும் வகையே பிடிக்கும் என்பது துளை போட்ட பிறகு தெரிந்து பயனில்லை.

மின்சாரத்தில் சிக்கனம் பார்ப்பதே இவ்வகைப் பெட்டிகள் தடுமாறுவதற்குப் பொதுவான காரணம். நான்காம் பலகைக்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். பழைய கைப்பேசி சார்ஜரும் மெலிந்த கம்பியும் சேர்ந்தால் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டை ஒட்டி இறங்கி, திரையின் மூலையில் மின்னல் குறி தோன்றும். அக்குறியை அலட்சியம் செய்தால் ஆட்டம் திக்கித் திக்கி ஓடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்து மின்தடை, எழுதிக்கொண்டிருக்கும் மெமரி கார்டைக் கெடுத்துவிடவும் கூடும். முழு அமைப்பையும் இன்னொரு கார்டில் படியெடுத்து வைப்பது புறநகர்வாசிக்கு வேண்டிய முன்னெச்சரிக்கை. பழைய டிவியின் பின்மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறத்தலாகாது. படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம், அணைத்த பிறகும் தங்கியிருக்கும்.

சட்டம் பற்றியும் மழுப்பாமல் சொல்ல வேண்டும். எமுலேட்டர் எழுதுவதும் பயன்படுத்துவதும் குற்றமாகாது; ஆனால் ரோம் கோப்புகளில் பெரும்பாலானவை இன்றும் உரிமை உள்ளவை. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், கணினி நிரலின் பிரதியைச் சட்டப்படி வைத்திருப்பவர் இழப்புக்கு அஞ்சிக் காப்புப்படி எடுக்க 52ஆம் பிரிவில் இடம் தருகிறது. ஆனால் 1990களின் கேசட்டுகளுள் பெரும்பாலானவை தாமே திருட்டுப் படிகள் என்பதால், அவற்றை வைத்து அந்த உரிமையைக் கோருவது கடினம். பத்தாயிரம் ஆட்டங்கள் நிரப்பியதாக விளம்பரம் செய்து விற்கும், டிவியில் செருகும் குச்சிகளும் இதே வகையினவே. நேர்வழியில் ஆட விரும்புவோர், பழைய கருவிக்கென இன்றும் புதிதாக எழுதப்படும் ஆட்டங்களை நாடலாம். 2019இல் வந்த மைக்ரோ மேஜஸ், மாரியோவைப் போலவே 40 கிலோபைட்டுக்குள் அடங்கிய, நான்கு பேர் ஒன்றாக ஆடக்கூடிய ஆட்டம்.

செலவு குறையுமா என்றால், பரணில் மடிக்கணினி இருப்பவர்க்குக் குறையும். பலகை, அடாப்டர், கார்டு, பொத்தான், பிளைவுட் என்று எல்லாவற்றையும் புதிதாக வாங்குவோர்க்குக் குறையாது, கடைக் குச்சியைவிட நிச்சயம் கூடும். ஆடுவது மட்டுமே நோக்கமாயின் கைப்பேசியே போதும். எது கெட்டாலும் அதை மட்டும் கழற்றி மாற்றக்கூடிய, கறுப்புப் பொட்டினால் மூடப்படாத ஒரு பெட்டி வீட்டில் இருக்க வேண்டும் என்று விரும்புவோர்க்கே இவ்வுழைப்பு தகும். பத்தாம் வகுப்புப் பிள்ளை உள்ள வீட்டில் அவ்விருப்பம் வீண்போகாது.

வேண்டிய உதிரிகள் அனைத்தும் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலும் அதன் பக்கத்து நரசிங்கபுரம் தெருவிலும் கிடைக்கும். தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்ரயிலில் ஏறி, எழும்பூரிலோ பூங்கா நிலையத்திலோ இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். வீட்டு டிவியின் பின்பக்கத் துளைகளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு செல்வது, எந்தக் கம்பி வேண்டும் என்ற வாதத்தைக் கடையில் மிச்சப்படுத்தும். ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை; சனிக்கிழமை காலையே போய்விட வேண்டும்.