உங்களுக்குத் தெரியுமா? வகுத்துப் பார்க்காமலே பகா எண்ணைக் கண்டுபிடிக்கலாம்!

127 இரண்டுகளைப் பெருக்கி, விடையில் 1-ஐக் கழித்தால் 39 இலக்க எண் ஒன்று வரும்: 170141183460469231731687303715884105727. இது பகா எண்தான் என்று 1876-இல் நிறுவியவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் எத்வார் லூக்கா. அப்போது கணினி ஏது? ஒவ்வோர் எண்ணாக எடுத்து வகுத்துப் பார்க்கப் போனால் ஓர் ஆயுள் போதாது. அவர் அப்படி வகுக்கவே இல்லை, வேறு சோதனை வைத்தார். அதைப் பின்னாளில் கணித அறிஞர் லேமர் எளிமையாக்கினார். ஐந்து இரண்டுகளின் பெருக்கலில் 1 குறைந்த 31-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 4-இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து 2-ஐக் கழித்தால் 14. மறுபடியும் அப்படியே செய்தால் 194. அதை 31-ஆல் வகுக்க மீதி 8. அந்த 8-ஐ வைத்து இன்னொரு முறை செய்தால் 62, மீதி 0. ஐந்தில் இரண்டு போக மூன்றே படிகள். கடைசிப் படியில் மீதி 0 வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை.

காரணிகளைத் தேடாமல் சொல்லும் தீர்ப்பை நம்பலாமா என்று கேட்பது நியாயமே. 67 இரண்டுகளின் பெருக்கலில் 1 குறைந்த எண் பகா எண் அல்ல என்றும் லூக்கா சொன்னார். காரணி ஒன்றைக்கூடக் காட்டவில்லை. 1903-இல் அமெரிக்கரான ஃபிராங்க் நெல்சன் கோல் அவற்றைக் கண்டுபிடித்தார்: 193707721, 761838257287. லூக்காவின் சொல் பொய்க்கவில்லை. 2024-இல் கிடைத்த 41024320 இலக்கப் பகா எண்ணையும் இந்தச் சோதனைதான் உறுதிசெய்தது. பென்சிலை எடுத்து, ஏழு இரண்டுகளின் பெருக்கலில் 1 குறைந்த 127-க்கு நீங்களே செய்து பாருங்கள். ஐந்தாம் படியில் மீதி 0 வரும்.