ஈசல் பறக்கும் மாலையில்



கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. திருமங்கலத்தைச் சுற்றியுள்ள கரிசல் காடுகள் வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கின்றன. இந்த வெக்கைக்கு நடுவே என்றாவது ஒரு மாலை இடி இடித்து, கோடை மழை பெய்து ஓய்கிறது. விளக்கு வைக்கும் நேரத்தில் ஈசல்கள் கூட்டமாகக் கிளம்பி வந்து விளக்கை மொய்க்கின்றன. பெரியவர்களுக்கு அது தொல்லை. குழந்தைக்கோ அது திருவிழா. "இதெல்லாம் எங்கேயிருந்து வருது? றெக்கை மட்டும் ஏன் தனியாக் கிடக்குது?" என்று கேட்கிறது. அதற்கு நாம் என்ன பதில் சொல்கிறோம் என்பதை இன்று சிந்திப்போம்.

ஈசலுக்கு ஒருநாள் வாழ்வு என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது முழு உண்மை அல்ல. ஈசல் என்பது சிறகு முளைத்த கரையான். மழையில் மண் இளகினால்தான் அதனால் வளை தோண்ட முடியும்; காற்றில் ஈரம் இருந்தால்தான் அதன் மெல்லிய உடல் காய்ந்துபோகாது. பல புற்றுகளிலிருந்து ஒரே மாலையில் கிளம்புவதால், ஒரு புற்றின் ஆண் இன்னொரு புற்றின் பெண்ணைச் சந்திக்க வழி பிறக்கிறது. பல்லியும் தவளையும் கரிச்சான் குருவியும் தின்றது போகச் சில மிஞ்சுவதற்கும் அந்தப் பெருங்கூட்டமே காப்பு.

தரையில் இறங்கியதும் ஈசல் தன் சிறகுகளைத் தானே உதிர்த்துவிடுகிறது. சிறகின் அடியில் ஒடிவதற்கென்றே ஒரு கோடு இருக்கிறது. பிறகு பெண் முன்னே செல்ல, ஆண் அதை ஒட்டியே பின்னால் ஓடும். குனிந்து பார்த்தால் நம் வாசலிலேயே இதைக் காணலாம். இரண்டும் மண்ணுக்குள் ஒரு சிறு அறை தோண்டி, தம் முதல் குஞ்சுகளைத் தாமே வளர்க்கின்றன. எறும்பிலும் தேனீயிலும் இணை சேர்ந்த ஆண் விரைவில் இறந்துபோகும். கரையானில் ஆண் தன் பெண்ணோடு சேர்ந்தே வாழும். பிழைத்த பெண் பல ஆண்டுகள் வாழ்ந்து ஒரு புற்றுக்கே தாயாகிறது. காலையில் நாம் கூட்டித் தள்ளும் சிறகுகளில் சில, ஒரு குடும்பம் தொடங்கியதன் அடையாளம்.

இவ்வளவும் தெரிந்தால்தானே குழந்தைக்குச் சொல்ல முடியும் என்று நாம் தயங்கலாம். பூச்சிக்கொல்லிகளின் கேட்டை 1962இல் உலகுக்கு எடுத்துக்காட்டிய அமெரிக்க அறிவியலாளர் ரேச்சல் கார்சன், அதற்கு முன்பே, 1956இல், குழந்தைகளின் வியப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தம் அக்காள் மகளின் மகன் ரோஜரைக் கடற்கரைக்கும் காட்டுக்கும் அழைத்துச் சென்ற அனுபவம் அது. அவர் பாடம் நடத்தவில்லை. கூடவே நடந்தார், கூடவே பார்த்தார். குழந்தையின் வியப்பு அணையாதிருக்க, அதில் பங்குகொள்ளும் ஒரு பெரியவராவது அருகில் வேண்டும் என்பது அவர் கருத்து. எல்லாம் தெரிந்தவராக அவர் இருக்க வேண்டியதில்லை.

நம் ஆண்டவரும் வானத்துப் பறவைகளையும் காட்டு மலர்களையும் பார்க்கச் சொல்லியே தந்தையின் அன்பை விளக்கினார். நீதிமொழிகள் நூல் சோம்பேறியை எறும்பிடம் அனுப்புகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் திருமடல், வியப்பின்றி இயற்கையை அணுகினால் நாம் அதைச் சுரண்டுபவர்களாகவே இருப்போம் என்று எச்சரிக்கிறது.

"போய்ப் படி" என்ற பதிலே திரும்பத் திரும்பக் கிடைத்தால், குழந்தை கேட்பதை நிறுத்திவிடும், செல்பேசியோடு ஒதுங்கிவிடும். புற்றையும் கண்மாயையும் வியந்து பாராத பிள்ளை, நாளை அவற்றை பிளாட் போடும் இடமாக மட்டுமே பார்க்கும்.

ஆகவே பெற்றோரே, தாத்தா பாட்டிமாரே, அடுத்த கோடை மழை ஓய்ந்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு, டார்ச் லைட்டோடு குழந்தையை வாசலுக்கு அழைத்துச் செல்வோம். கால் மணி நேரம் போதும். கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், "தெரியலையே, வா சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்வோம். பார்த்து முடித்ததும் வாசல் விளக்கை அணைத்துவிடுவோம். ஈசல்கள் தம் வழியே போகட்டும். படைத்தவருக்கு நன்றி சொல்லிவிட்டுக் குழந்தையோடு உறங்கச் செல்வோம்.

இறைவன் நம் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.