தரம் 10இல் எந்த மொழி?

தரம் 9 முடிகிற வேளையில் மாணவர் ஒவ்வொருவரும் க.பொ.த. சாதாரண தரத்துக்கான மூன்று தொகுதிப் பாடங்களைத் தெரிவு செய்ய வேண்டும். சமயம், தமிழ், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் கட்டாயம். சிக்கல் முதலாம் தொகுதியில் வருகிறது. வணிகம், புவியியல், குடியியல் ஆகியவை இருக்கும் அதே தொகுதியில்தான் இரண்டாம் மொழிச் சிங்களமும் இருக்கிறது. பிரெஞ்சு, ஜேர்மன், ஜப்பானியம், ஹிந்தி, சீனம், அரபு போன்ற மொழிகளும் இருக்கின்றன. எடுக்கக்கூடியது ஒன்று மட்டுமே. பிரெஞ்சு எடுக்கும் பிள்ளை, தரம் 6 முதல் படித்துவந்த சிங்களத்தைப் பரீட்சையளவில் அத்தோடு விட்டுவிடுகிறது. நல்லூர்ப் பக்கத்து வீடுகளில் இந்தத் தெரிவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வெளிநாட்டு உறவுதான். பாரிஸில் சித்தப்பா இருந்தால் பிரெஞ்சு, சூரிச்சில் மாமி இருந்தால் ஜேர்மன் என்று பேச்சு போகிறது. வெளிநாட்டு மொழி படிப்பது நல்லதே. ஆனால் இந்தப் பகுதி மாணவரில் மிகப் பெரும்பாலோர் தொகுதிப் பாடமாகச் சிங்களத்தை எடுத்து, ஆங்கிலத்துக்கு அடுத்த வெளிநாட்டு மொழியைத் தொகுதிக்கு வெளியே, தேவை தெளிந்தபின் படிப்பதே சரி என்பது என் கருத்து.

முதலில், வெளிநாட்டுக் கதவுகளில் உண்மையில் கேட்கப்படுவது எது என்று பார்க்க வேண்டும். ஜேர்மனியில் இருக்கும் கணவனிடமோ மனைவியிடமோ போய்ச் சேர 2007 முதல் ஏ1 நிலை ஜேர்மன் தேவை. அதைக் காட்டுவது கோயதே நிறுவனம் போன்ற அமைப்புகள் நடத்தும் பரீட்சையின் சான்றிதழ். அங்கே தாதியாகப் பதிவு பெறப் பொதுவாக பி2 நிலை வேண்டும். ஜப்பான் 2019 ஏப்ரலில் தொடங்கிய திறன்சார் தொழிலாளர் விசாவுக்கு ஜேஎல்பிடி என்4 அல்லது அதற்கு இணையான பரீட்சை உண்டு. கொரிய வேலைக்குத் தனியாக ஒரு மொழிப் பரீட்சை. கனடா 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கெனத் தனித் தெரிவுச் சுற்றுகள் நடத்துகிறது; அதற்கும் டிஇஎஃப், டிசிஎஃப் என்ற பரீட்சைகளின் புள்ளிகளே கணக்கில் வரும். அந்தப் புள்ளிகள் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும். கொரிய மொழியின் டொபிக் பெறுபேறும் அப்படித்தான். பதினாறு வயதில் கிடைக்கும் சாதாரண தர ‘ஏ’ சித்தி, இருபத்திரண்டு வயதில் விசா விண்ணப்பத்தோடு இணைக்கும் தாளாகாது. வெளிநாடு போவதற்காகவே மொழி படிப்பதென்றால், எந்த நாடு, எந்த வேலை, எந்தப் பரீட்சை என்று தெரிந்தபின் ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ அதற்கென்றே ஒதுக்கிப் படிப்பதுதான் பலன் தரும். பதினான்கு வயதில் அந்த மூன்றில் ஒன்றும் தெரியாது.

‘சின்ன வயதில் தொடங்கினால்தானே நாக்குத் திரும்பும்?’ என்று பெற்றோர் கேட்பார்கள். அந்த மொழி பேசும் ஊரில் வளரும் குழந்தைக்கு அது உண்மை. வாரத்தில் சில பாடவேளைகள் மட்டும் கிடைக்கும் வகுப்பறைக்கு அது பொருந்துவதில்லை. ஸ்பெயினில் கார்மென் முனியோஸ் தலைமையில் பார்சலோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வெவ்வேறு வயதில் ஆங்கிலம் தொடங்கிய மாணவர்களை ஒரே அளவு பாட மணிகளின் பின் ஒப்பிட்டார்கள். பிந்தித் தொடங்கியவர்களே முன்னுக்கு நின்றார்கள். கரம்பனில் பிறந்த தனிநாயகம் அடிகளாரும் 1930களில் குருத்துவக் கல்விக்காக ரோமுக்குப் போன பிறகுதான் ஐரோப்பிய மொழிகளில் ஆழமாக இறங்கினார். அந்த மொழியறிவுதான் பின்னர் அவரை வத்திக்கான் நூலகத்தில் கிடந்த 1679ஆம் ஆண்டின் தமிழ்–போர்த்துக்கேய அகராதிவரை கொண்டுபோனது. இருபது வயது கடந்தவருக்குக் கூடியது, இருபதில் ஜேர்மன் தொடங்கும் நல்லூர்ப் பிள்ளைக்கும் கூடும்.

எது இலகு, எது கடினம் என்பதிலும் நாம் பிறர் கணக்கை வைத்துக்கொண்டு யோசிக்கிறோம். அமெரிக்க இராஜதந்திரிகளைப் பயிற்றும் நிறுவனம் பிரெஞ்சுக்கு ஏறக்குறைய 600 முதல் 750 வகுப்பு மணி என்றும், ஜப்பானியம், கொரியம் ஆகியவற்றுக்கு 2200 மணி என்றும் சொல்கிறது. அது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கான கணக்கு. தமிழ்ப் பிள்ளைக்கு வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருவதும், பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டுவதும், ‘நேற்று வந்த பையன்’ என்று அடைமொழி முன்னால் நிற்பதும் பிறவியிலேயே பழக்கம். ஜப்பானியமும் கொரியமும் இதே ஒழுங்கில் நடப்பவை. ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சண்முகதாஸ், மனோன்மணி தம்பதியரோடு சேர்ந்து தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு தேடினார். அந்த உறவை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை என்றாலும், வாக்கிய அமைப்பு ஒத்திருப்பதை யாரும் மறுப்பதில்லை. ஜப்பானியத்தில் தமிழர் தடுக்கி விழுவது எழுத்தில்தான்: இரண்டு எழுத்துத் தொகுதிகள், அதற்கு மேல் அன்றாடப் பயன்பாட்டுக்கென்றே 2136 ‘கான்ஜி’ எழுத்துகள்.

சிங்களமோ இந்த நெருக்கத்தில் இன்னும் ஒரு படி கிட்டே நிற்கிறது. அது இந்தோ–ஆரியக் குடும்பத்து மொழி. ஆனாலும் பல நூற்றாண்டுகள் தமிழோடு பக்கத்தில் வாழ்ந்ததில் அதன் வாக்கிய ஒழுங்கு தமிழுக்கு மிக அண்மையில் வந்துவிட்டது. ‘ஈயே ஆபு லமயா’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினாலே ‘நேற்று வந்த பிள்ளை’ கிடைக்கும். பேச்சுச் சிங்களத்தில் நான், நீ, அவன் என்று ஆளுக்கேற்ப வினைமுற்று மாறுவதுகூட இல்லை. நான்கு ஆண்டு படித்து எழுத்துக் கூட்டவும் தெரிந்த மொழியை, உருப்படியாகப் பேசவும் எழுதவும் வரப்போகும் நேரத்தில் விட்டுவிடுவது பெரிய வீண். எந்த மொழியும் இடையில் விட்டால் மிகக் குறைவாகவே மிஞ்சும்.

சிங்களத்துக்கு எதிரான மனத்தடைக்கு வலுவான காரணம் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுப் பேசக்கூடாது. 1956இல் சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்தபின், மொழித் தேர்ச்சி இல்லாததால் பதவி உயர்வு இழந்த, வேலையை விட்டு வந்த தமிழ் அரச ஊழியர்களின் கதை யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் இன்னும் ஆறவில்லை. தமிழும் அரசகரும மொழி என்று எழுதிய 1987இன் 13ஆவது திருத்தம் பல அலுவலகங்களில் தாளோடு நிற்கிறது. ஆனால் தமிழில் கடிதம் கேட்கும் உரிமை, சிங்களம் படித்தவருக்குக் குறைந்துவிடுவதில்லை. சிங்களத்தில் வந்த கடிதத்தைத் தானே வாசிக்கக்கூடியவர், தரகரையோ தெரிந்தவரையோ தேடாமல் அந்த உரிமையைக் கேட்க முடியும். 2007 ஜூலைக்குப் பின் அரச சேவையில் சேர்பவர் குறித்த காலத்துக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும். நல்லூரிலிருந்து போன மருத்துவருக்கு முதல் நியமனம் குருநாகலிலோ அநுராதபுரத்திலோ கிடைக்கலாம். அங்கே நோயாளி வலியைச் சொல்வது சிங்களத்தில். எல்லோரும் வெளிநாடு போய்விடுவார்கள் என்ற எண்ணத்தில் பாடம் தெரிவு செய்தால், போகாமல் இங்கேயே வாழப்போகும் பிள்ளைகளுக்கு அநியாயம் செய்தவர்களாவோம்.

சிங்களத்தையே எடுக்க வேண்டும் என்பதற்கு விலக்கு உண்டு. ஒரு மொழியின் மேல் உண்மையான விருப்பம் கொண்ட பிள்ளை, அந்தப் பாடசாலையில் தரம் 11 வரை நிற்கக்கூடிய ஆசிரியர், உயர்தரத்திலும் அதைத் தொடரும் எண்ணம் ஆகிய மூன்றும் இருந்தால் பிரெஞ்சையோ ஜப்பானியத்தையோ எடுக்கலாம். களனிப் பல்கலைக்கழகத்தின் நவீன மொழிகள் துறை அத்தகைய பிள்ளைக்கு அடுத்த படி. வரலாற்றில் நாட்டமுள்ள ஒருவருக்கு டச்சு மொழியைப் பிற்காலத்துக்குப் பரிந்துரைப்பேன். நல்லூரில் இன்றும் காணி கைமாறும்போது பேசப்படும் தேசவழமைச் சட்டத்தை 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து எழுதியது டச்சில்தான். ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்தைப் பற்றிய மூல ஆவணங்களும் அந்த மொழியிலேயே கிடக்கின்றன. அவற்றை நேரே வாசிக்கக்கூடிய தமிழர் மிகச் சிலர்.

பாடசாலை செய்யக்கூடியது, படிவம் கொடுக்குமுன் ஒவ்வொரு மொழியையும் கற்பிக்கப்போகும் ஆசிரியர் யார், அவர் இரண்டு ஆண்டும் இருப்பாரா என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்வது. தெரிவுக்கு முன் பிள்ளைகளைச் சில பாடவேளை அந்த வகுப்புகளில் இருக்கவிடுவது. சிங்களத்துக்கே ஆசிரியர் இல்லாத பாடசாலையில் நான் சொன்னது எதுவும் நிற்காது. அங்கே பெற்றோர் வேறு மொழி தேடுவதற்கு முன், ஆசிரியர் கேட்டு வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுத வேண்டும், பதில் வரும்வரை திரும்பத் திரும்ப எழுத வேண்டும்.