மின்னஞ்சற் புழு

கணினியைக் கெடுக்கும் நிரல்களுள் வைரஸ் என்பது பிறிதொரு கோப்பினைப் பற்றியே வாழும். புழுவோ தனித்தியங்கித் தன்னைத் தானே படியெடுத்துப் பரப்பும். 2000-ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸ் நாட்டினின்று புறப்பட்ட 'ஐ லவ் யூ' புழுவை இதற்குச் சான்றாகக் கொள்வோம்.

காதற்கடிதம் என்னும் பெயருடைய இணைப்பாக அது வந்தது. கோப்புப் பெயரின் ஈற்றுப் பகுதியை விண்டோஸ் மறைத்துக் காட்டியமையின், இயங்கும் நிரலை வெறும் எழுத்துக் கோப்பென்றே கண்டார் மயங்கினர். மடல் வந்த அளவில் தீங்கில்லை. இணைப்பைத் திறந்ததும் அவுட்லுக்கின் முகவரிப் பட்டியலிலுள்ளார் யாவர்க்கும், திறந்தவர் பெயராலேயே புழு மடல் விடுத்தது. அறிந்தவர் பெயரைக் கண்டு ஐயுறுவார் யார்? அதன் வலியெல்லாம் இந்நம்பிக்கையே என்பது நம் துணிபு.

நீக்குமாறு யாதெனில், முதற்கண் கணினியை வலையினின்று பிரித்தல் வேண்டும். அன்றேல் நாம் துடைக்கும்போதே அது பிறரைச் சென்று பற்றும். பின்பு இயங்கும் நிரலை நிறுத்துக. அதனோடு அமைந்தால், கணினியை மறுமுறை தொடங்குங்கால் மீண்டும் தலைதூக்கும். ஆதலின் ரெஜிஸ்ட்ரியில் அது பதித்த வரிகளையும், விண்டோஸ் அடைவுகளில் இட்ட படிகளையும் களைதல் வேண்டும்.

இசைக் கோப்புகளை அப்புழு மறைத்ததேயன்றி அழித்திலது. படக் கோப்புகளின் மேலோ தன்னையே எழுதிவிட்டது. புழு நீங்கிய பின்னும், முன்னரே வேறிடத்துப் படியெடுத்து வைத்தாரே தம் படங்களை எளிதில் மீளப் பெற்றனர்.