உப்புக் காபியும் சிவப்பு ரிப்பனும்

துருக்கியில் பெண் கேட்கப் போகும் மாப்பிள்ளை வீட்டார் பூங்கொத்தும் சாக்லேட்டும் வாங்கிக்கொண்டுதான் படியேறுவார்கள். நலம் விசாரித்து முடிந்ததும் பெண் சமையலறைக்குள் போவாள். நீண்ட கைப்பிடி வைத்த சிறு செம்புப் பாத்திரத்தில், மாவுபோல் அரைத்த காபித்தூளைத் தண்ணீரோடு சேர்த்து, இளந்தீயில் நுரை பொங்க வைப்பாள். மற்றவர்களுக்கெல்லாம் நல்ல காபி. மாப்பிள்ளையின் கோப்பையில் மட்டும் உப்பு! சில வீடுகளில் மிளகும் சேரும்.

அவர் முகம் சுளிக்காமல் குடித்து முடிக்க வேண்டும். வரப்போகிறவரின் பொறுமையை முதல் நாளே பார்த்துவிடும் அருமையான குறும்பு இது.

பிறகு பெரியவர் ஒருவர், இறைவன் கட்டளைப்படியும் நபிகளார் வாக்குப்படியும் பெண் கேட்பார். காதலித்து, தாங்களே முடிவெடுத்த ஜோடிகள்கூட இந்த முறையான கேள்வியை விடுவதில்லை.

சம்மதம் கிடைத்தால் மோதிரம். சிவப்பு ரிப்பனால் இணைத்த இரண்டு மோதிரங்களை இருவருக்கும் அணிவித்து, குடும்பத்தில் மூத்தவர் ரிப்பனை நடுவில் வெட்டுவார். மோதிரம் அப்போது வலக்கையில் இருக்கும். திருமணத்துக்குப் பின் இடக்கைக்கு மாறும்.

துருக்கிக் காபிப் பண்பாட்டை 2013-ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.